குடும்ப நிழற்படம் எடுக்குமாறு

ஒரு குடும்பத்தார் அனைவரும் ஓரிடத்தில் ஒருங்கு கூடுதல் இக்காலத்தில் அரியதொன்றாயிற்று. மூத்த மகன் சென்னையில் இருப்பான். இளையவன் துபாயில் இருப்பான். மகள் மணமாகிப் பெங்களூரில் வாழ்வாள். கிறிஸ்துமஸ், பொங்கல், திருமணம் முதலிய நன்னாட்களில் ஓரிரு நாள் கூடிப் பின்னர்ப் பிரிகின்றனர். அங்ஙனம் கூடிய நாளில், "எல்லோருமாக ஒரு படம் எடுத்துக்கொள்ளலாமே" என்று வீட்டுப் பெரியவர் ஒருவர் கூறுதலும், உடனே அனைவர் கண்ணும் கல்லூரியிற் பயிலும் பிள்ளையின்மேல் திரும்புதலும் இயல்பு. வரும் விடுமுறையிலும் நம்முள் பலர் இப்பணியை ஏற்க நேரும். ஆதலின் அதனைச் செவ்வனே செய்தற்குரிய முறையை மாணவ அன்பர்க்கு ஒருவாறு எடுத்துரைக்க முற்பட்டோம்.

இஃது எளிய விளையாட்டுத் தொழில் என்று சிலர் கருதுவர். அது பொருந்தாது. அடுத்த முறை கூடுங்கால் இன்று உள்ளார் அனைவரும் இருப்பர் என்று யாரும் உறுதி கூற இயலாது. இன்று பாட்டியின் முகம் முன்னிற்பவர் தோளுக்குப் பின்னே மறைந்துவிடுமாயின், அம்முகத்தைப் பின்னொருநாள் தேடிப் பெறுதல் அரிது. எனவே குடும்பப் படத்திற்கு இரண்டு இலக்கணங்களை யாம் முதற்கண் வகுத்துக்கொள்கின்றோம். ஒருவர் முகமேனும் மறைதல் கூடாது என்பது ஒன்று. பார்த்த அளவில் யார் யாருக்கு என்ன உறவு என்பது விளங்க வேண்டும் என்பது மற்றொன்று. கீழே கூறப்படுவன யாவும் இவ்விரண்டையும் எய்துதற்குரிய வழிகளே.

1839-ஆம் ஆண்டில் பாரிசு நகரில் தாகேர் என்பவர் கண்ட நிழற்பட முறை உலகிற்கு அறிவிக்கப்பட்டது. அம்முறையின் தொடக்கத்தில் படத்திற்கு அமர்ந்தவர் நிமிடக் கணக்கில் அசையாதிருக்க வேண்டியிருந்தது. 1888-ஆம் ஆண்டில் ஜார்ஜ் ஈஸ்ட்மன் கோடக் காமிராவை விற்பனைக்குக் கொணர்ந்தார். 1900-ஆம் ஆண்டில் ஒரு டாலர் விலையில் பிரௌனி காமிரா வெளிவந்தது. அதன்பின் எளிய குடும்பங்களும் தம் படத்தைத் தாமே எடுத்துக்கொள்ளும் நிலை மேல்நாடுகளில் ஏற்பட்டது. இன்று நம் கைப்பேசி, நல்ல வெளிச்சத்தில், ஒரு நொடியை நூறு கூறாக்கியதில் ஒரு கூற்றிற்கும் குறைந்த நேரத்தில் படம் எடுக்கின்றது. அசையாமல் விறைத்து நிற்க வேண்டிய தேவை ஒழிந்து நெடுங்காலம் ஆயிற்று. எனினும் காமிராவைக் கண்டதும் விறைத்து நிற்கும் வழக்கம் மட்டும் நம்மவரிடம் ஒழிந்தபாடில்லை.

தமிழ் பயில்வோர்க்கு இக்கலையைப் பகுத்துக் காண ஒரு வழி உண்டு. தொல்காப்பியனார் அகப்பொருளை முதல், கரு, உரி என மூன்றாக வகுத்து, நிலமும் பொழுதும் முதற்பொருள் என்றார். நிழற்படத்திலும் நிலமும் பொழுதும் முதலில் அமைய வேண்டும். பின்னர்க் கருவியும் பிற பொருள்களும். அவற்றின் பின்னரே மாந்தரும் அவர்தம் உறவும். புதிதாகப் பயில்வோர் பெரும்பாலும் இம்முறையை மாற்றிவிடுகின்றனர். ஆட்களை வெயிலில் நிறுத்திவிட்டு, அதன்பின் இடம் தேடத் தொடங்குகின்றனர். குழந்தை அழத் தொடங்கும், முதியோர் களைப்புறுவர், படம் கெடும். ஆதலின் ஆட்களை அழைக்கும் முன்னரே இடத்தைத் தெரிந்துகொள்க.

1. நிலமும் பொழுதும்

நண்பகல் வெயில் குழுப் படத்திற்குப் பெரும்பகை. நம் நாட்டில் ஆண்டின் பெரும்பகுதியில் ஞாயிறு நண்பகலில் உச்சியை ஒட்டியே நிற்கும். அவ்வொளி நெற்றியையும் மூக்கையும் வெளுப்பித்துக் கண்குழிகளைக் கருநிழலால் மூடிவிடும். கண்ணில்லாத முகம் முகமாகாது. ஞாயிற்றை நேரே நோக்கி நிறுத்தினாலோ, யாவரும் கண்களை இடுக்கிக்கொள்வர்.

காலை 8 மணிக்கு முன்னும் மாலை 4 மணிக்குப் பின்னும் ஒளி மென்மையாகும். மேல்நாட்டு நூல்களிற் புகழப்படும் நீண்ட மாலையொளியை நம்பி இங்குக் காத்திருத்தல் தகாது. நாம் நிலநடுக்கோட்டிற்கு அணிமையில் வாழ்தலின் ஞாயிறு ஏறத்தாழச் செங்குத்தாக இறங்கி விரைந்து மறையும். டிசம்பர் இறுதியிற் சென்னையில் 6 மணிக்குச் சற்று முன்னரே ஞாயிறு மறைந்துவிடும். ஆகவே அக்காலத்தில் 4 மணிக்கே ஆட்கள் ஆயத்தமாதல் நன்று.

இடங்களுள் சிறந்தது வீட்டின் நிழலே. பிற்பகலில் வீட்டின் கிழக்குப் புறத்திலும், காலையில் மேற்குப் புறத்திலும் நிழல் விழும். டிசம்பரில் மாலை 4 மணிக்கு வீட்டின் உயரத்தைப்போல் ஏறத்தாழ இருமடங்கு தொலைவு வரை அந்நிழல் கிழக்கே நீளும். அந்நிழலுக்குள், அதன் விளிம்பிற்கு அருகில், வானவெளியை நோக்கிக் குழுவினரை நிறுத்துக. வெயில் அவர்மேற் படாது. ஆயினும் வெட்டவெளியின் ஒளி முகங்களில் ஒருதன்மையாகப் பரவும். பின்னணியாக வாழ்ந்த வீடே அமைதலும் ஒரு நலம். வீடு இடிக்கப்பட்டு மாடி எழுந்த பின்னர் அப்படமே பழைய வீட்டிற்கும் சான்றாகும்.

மரநிழலிற் கருத்து வேண்டும். வேம்பின் இலைகளின் இடையே ஒழுகும் வெயில் முகங்களிற் புள்ளிபுள்ளியாக விழும். நேரிற் காணும்போது அழகாகத் தோன்றும் அது படத்தில் அம்மைத் தழும்புபோல் ஆகிவிடும். இலை அடர்ந்த புளி, மா ஆகியவற்றின் நிழல் அதனினும் ஏற்றது. அன்றியும், நீலத் தார்ப்பாயாலோ சிவப்புத் துணியாலோ அமைந்த பந்தலின்கீழ்ப் படம் எடுத்தலைத் தவிர்க்க. ஒளி அத்துணியினூடே வருதலின் முகங்கள் அதன் நிறத்தை ஏற்றுக்கொள்ளும். பின்னர்த் திருத்துதல் கடினம். பந்தலுக்கு வெளியே பத்தடி வந்தால் அக்குற்றம் நீங்கும்.

இடத்தைத் தெரிந்தபின் அதன் பின்புறத்தை உற்றுநோக்குக. மின்கம்பம் ஒருவர் தலையினின்று முளைத்தாற்போல் நிற்கின்றதா? துணி உலர்த்தும் கயிறு கழுத்துக்களை அறுத்தாற்போல் ஓடுகின்றதா? செருப்புக் குவியலும் மோட்டார் சைக்கிளும் ஓரத்தில் உள்ளனவா? அகற்றக் கூடியவற்றை அகற்றுக. அகற்ற இயலாதவற்றிற்கு இரண்டடி விலகி நின்று பார்க்க. குழுவினரைச் சுவரோடு ஒட்டி நிறுத்தாமல் ஆறேழு அடி முன்னே கொணர்ந்தால் முகங்கள் பின்னணியினின்று பிரிந்து தெளிவாகத் தோன்றும்.

2. கருவி

காமிராவில் ஒளியை அளந்து விடுவன மூன்று: லென்சின் துளையளவு, ஷட்டர் திறந்திருக்கும் காலம், ஐ.எஸ்.ஓ. என்னும் உணர்வளவு. துளையளவைக் குறிக்கும் எண் பெரிதாயின் துளை சிறிதாகும் என்பதை மறவாதிருக்க. எஃப் 1.8 பெருந்துளை, எஃப் 8 சிறுதுளை. பெருந்துளையில் தெளிவு மெல்லிய ஒரு தளத்தளவே நிற்கும். சிறுதுளையில் முன்னும் பின்னும் விரியும்.

இதற்கு ஒரு கணக்கு காட்டுவோம். 36 மில்லிமீட்டர் அகலமுள்ள சென்சாரும் 50 மில்லிமீட்டர் லென்சும் கொண்ட காமிராவைக் குழுவினரிடமிருந்து 5 மீட்டர் தொலைவில் வைத்து, அத்தொலைவிற்கு ஃபோகஸ் செய்வதாகக் கொள்க. எஃப் 1.8-இல் ஏறத்தாழ 4.5 மீட்டர் முதல் 5.6 மீட்டர் வரையுள்ளனவே தெளிவாகும். எஃப் 8-இல் ஏறத்தாழ 3.4 மீட்டர் முதல் 9.5 மீட்டர் வரை தெளிவு விரியும். மூன்று வரிசையாக நிற்கும் குடும்பத்திற்கு முன்னது இடுக்கமானது. பின்னதில் எவ்வரிசையும் மங்காது. ஒருவர் படத்திற்கு அழகாகும் பெருந்துளை பலர் படத்தில் பின்வரிசையாரின் முகத்தைக் கொள்ளைகொண்டுவிடும்.

ஷட்டர் காலத்தையும் இவ்வாறே எண்ணுக. பட்டப்பகல் வெயிலில் எஃப் 16 வைத்து, ஐ.எஸ்.ஓ. 400 ஆயின் ஒரு நொடியின் 400-இல் ஒரு கூறு என்பது பழைய ஃபிலிம் காலத்து வாய்பாடு. திறந்த நிழலில் அதே காலத்திற்கு எஃப் 4 வேண்டும். நமக்கு எஃப் 8 வேண்டுதலின் ஒளி நான்கில் ஒன்றாகக் குறையும். எனவே காலம் 100-இல் ஒரு கூறாக நீளும். துள்ளும் குழந்தைகள் உள்ள குழுவிற்கு அது போதாது. ஐ.எஸ்.ஓ.வை 800 ஆக்கினால் 200-இல் ஒரு கூறு கிடைக்கும், அது போதும். படத்திற் சிறிது மணல் தூவினாற்போற் புள்ளி தோன்றினும் அசைந்து கலங்கிய முகத்தினும் அது மேல்.

கைப்பேசியால் எடுப்போர் மூன்றனைக் கருத்திற் கொள்க. அதன் முதன்மை லென்ஸ் அகன்ற பார்வையுடையது. ஆதலின் ஓரத்தில் நிற்பவர் பக்கவாட்டில் இழுபட்டுப் பருத்துத் தோன்றுவர். அருகே நின்று அனைவரையும் அடக்க முயலாது, பின்னே சென்று இருமடங்குப் பெருக்கத்தில் எடுக்க. ஓரங்களில் வெற்றிடம் விடுக. பின்னணியை மங்கச் செய்யும் 'போர்ட்ரெய்ட்' முறையைக் குழுப் படத்திற்கு வேண்டாமென ஒதுக்குக. அது பின்வரிசையார் காதையும் கூந்தலையும் பின்னணி என்று கருதி அழித்தல் உண்டு. மேலும் லென்சைத் துணியால் துடைத்துக்கொள்க. விரலெண்ணெய் படிந்த லென்ஸ் நல்லொளியையும் புகைமூட்டமாக்கும்.

வெள்ளை வேட்டி சட்டையும் மாநிற முகமும் சேர்ந்த நம் குழுக்களில் காமிராவின் ஒளியளவி எளிதில் ஏமாறும். வெண்மை மிகுதியாக இருப்பின், வெளிச்சம் மிகுந்ததென எண்ணி அது படத்தை இருட்டாக்கும், முகங்கள் கருகும். கைப்பேசியில் ஒரு முகத்தின்மேல் விரலை வைத்துத் தொட்டு வெளிச்சத்தைச் சிறிது கூட்டுக. வேட்டியின் மடிப்புக்கள் இன்னும் தெரிகின்றனவா என்று பார்க்க. முகம் தெளிந்து மடிப்பும் மறையாதிருக்கும் நிலையே ஏற்ற அளவு.

3. நிற்கும் நிரல்

இனி உரிப்பொருளுக்கு வருவோம். பன்னிருவர் உள்ள ஒரு குடும்பத்தை எண்ணிக்கொள்க: தாத்தா, பாட்டி, மூத்த மகன், அவர் மனைவி, இளைய மகன், அவர் மனைவி, மகள், மருமகன், பேரர் நால்வர். பேரருள் மகளின் மகளுக்கு 15 வயது. மூத்த மகனின் மக்கள் 7 வயதுப் பையனும் 4 வயதுச் சிறுமியும். இளைய மகனுக்கு ஒரு கைக்குழந்தை.

இவர்களை உயரத்தின் வரிசைப்படி நிறுத்தினால் பள்ளிக்கூடப் படமாகும். குடும்பப் படம் ஆகாது. நான்கு நாற்காலிகள் இடுக. நடுவிரண்டில் தாத்தாவும் பாட்டியும் அமர்க. நம் இடப்பக்கத்து நாற்காலியில் தாத்தாவை அடுத்து மகளும், வலப்பக்கத்து நாற்காலியில் பாட்டியை அடுத்து மூத்த மருமகளும் அமர்க. கைக்குழந்தை பாட்டியின் மடியில் இருக்கட்டும். சிறுமி தன் தாயின் முழங்காலிற் சாய்ந்து நிற்கட்டும். பையன் தாத்தாவின் காலருகே பாயில் அமரட்டும்.

பின்வரிசையில் ஐவர் நிற்பர். இடக்கோடியில் மருமகன், தம் மனைவியின் பின்னே. மகளுக்கும் தாத்தாவுக்கும் இடைவெளியில் 15 வயதுப் பெண். தாத்தா பாட்டியின் நடுவே இளைய மகன். பாட்டிக்கும் மூத்த மருமகளுக்கும் இடைவெளியில் இளைய மருமகள். வலக்கோடியில் மூத்த மகன், தம் மனைவியின் பின்னே. இப்போது நோக்குக. இடப்புறம் மகளின் குடும்பம், நடுவில் இளையவர் குடும்பம், வலப்புறம் மூத்தவர் குடும்பம் என மூன்று கிளைகளும், அவற்றைத் தாங்கும் அடிமரமாக முதியோர் இருவரும் தாமே விளங்குவர். பின்னிற்போர் தலைகள் முன்னமர்ந்தோர் தலைகளின் இடைவெளிகளில் அமைதலின் ஒருவரும் மறையார். நெட்டையும் குட்டையும் மாறி மாறி நிற்றலின் தலைகள் நேர்கோடாகாமல் அலைபோல் ஏறியிறங்கும். கண் அவ்வழியே ஒவ்வொரு முகமாகச் செல்லும்.

பிறவும் சில உள. ஓரத்தில் நிற்போர் உடலைச் சிறிது நடுவை நோக்கித் திருப்பிக்கொள்க. தோள்களிடையே உள்ள வெளி நேரிற் சிறிதாயினும் படத்திற் பெரிதாய்த் தோன்றும். ஆதலின் "இன்னும் சற்று நெருங்குங்கள்" என்று கூற அஞ்சற்க. காமிராவை நிற்போர் மார்பளவிற் பிடிக்க. வரிசை மூன்றாயின் ஓர் உறுதியான முக்காலியின்மேல் ஏறிச் சற்று உயரத்தினின்று எடுக்க. சட்டகத்தின் விளிம்பு மணிக்கட்டையோ கணுக்காலையோ அறுத்தல் ஆகாது. பாதம் வரை விடுக, அன்றேல் இடுப்பளவில் நிறுத்துக.

நிரலில் தொழில்நுட்பத்தினும் பெரியது ஒன்று உண்டு. சில இல்லங்களிற் கணவனை இழந்த பாட்டியோ அத்தையோ படம் என்றதும் தாமாகவே ஓரத்திற்கு ஒதுங்குவர், வேறு சிலர் "நான் எதற்கு?" என்று அடுக்களைக்குள் சென்றுவிடுவர். ஒதுக்கி வைத்த பழைய வழக்கம் அவர் கால்களைத் தானே அங்குச் செலுத்துகின்றது. அவர் ஓரத்தில் நின்றால் படமும் அவ்வழக்கத்திற்கே சான்றாக நிற்கும். காமிராவைப் பிடித்தவன் வயதில் இளையவனாயினும், அந்த ஒரு பொழுதில் யாரை எங்கே நிறுத்துவது என்னும் உரிமை அவன் கையில் உள்ளது. "பாட்டி, நீங்கள் நடுவில் அமர்ந்தால்தான் படம் அமையும்" என்று அவன் கூறினால் மறுப்பவர் அரியர். அது பொய்யுரையும் அன்று. நடக்க இயலாதவர் இருப்பின் குழுவினரை அவர் கட்டிலருகே, அவர் நாற்காலியருகே கொண்டுசெல்க. காப்பி ஆற்றிக்கொண்டிருக்கும் மருமகளும் வந்து சேரும் வரை பொறுத்திருக்க.

4. எடுக்கும் பொழுது

எடுக்குமுன் இடமிருந்து வலமாக ஒவ்வொரு முகத்தையும் எண்ணுக. பன்னிருவர் ஆயின் இருபத்துநான்கு கண்களும் லென்சிற்குத் தெரிய வேண்டும். "உங்களுக்கு லென்ஸ் தெரிகின்றதா? தெரியாவிடில் அதற்கும் நீங்கள் தெரியமாட்டீர்கள்" என்று கூறினால் மறைந்து நிற்பவர் தாமே விலகி இடம் கொள்வர்.

இத்துணையும் செய்தும் ஒருவர் கண்ணிமைத்துவிடுவர். ஆஸ்திரேலியாவின் நிக் ஸ்வென்சன், பியர்ஸ் பார்ன்ஸ் என்னும் இருவர் இதனைக் கணித்து 2006-ஆம் ஆண்டில் இக் நோபல் என்னும் நகைச்சுவைப் பரிசு பெற்றனர். நகைச்சுவைப் பரிசாயினும் அவர்கள் கூறிய விதி பயனுடையது. இருபதின்மருக்குக் குறைந்த குழுவில், நல்ல வெளிச்சமாயின் ஆட்களின் தொகையை மூன்றால் வகுத்து வரும் எண்ணிக்கையளவு படங்கள் எடுக்க வேண்டும்; வெளிச்சம் குறைவாயின் இரண்டால் வகுக்க வேண்டும். நம் பன்னிருவர்க்கு நல்லொளியில் நான்கு, மங்கலொளியில் ஆறு. சோம்பாது அவற்றை எடுத்துவிடுக.

"சிரியுங்கள்" என்று ஆணையிடற்க. ஆணைக்குச் சிரிக்கும் சிரிப்பு உதட்டில் நின்றுவிடும். அனைவரையும் கண்களை மூடச் சொல்லி, மூன்று எண்ணியதும் திறக்கச் சொல்க. அல்லது தாத்தாவின் இளமைக் குறும்பொன்றைக் கூறுமாறு பாட்டியைக் கேட்க. முறையாக எடுத்த படங்கள் முடிந்து, "ஆயிற்று" என்று சொன்ன அந்நொடியில் யாவரும் தளர்ந்து ஒருவரையொருவர் நோக்குவர். அப்பொழுதும் காமிராவை இறக்காது இன்னும் ஒன்று எடுக்க. விறைப்பு நீங்கிய உண்மை முகங்கள் அங்கே கிடைக்கும்.

படம் எடுப்பவரே படத்தில் இல்லாதுபோதலும் ஒரு குறையே. ட்ரைபாட் இருப்பின் பத்து நொடி டைமரை வைத்து ஓடிச்சென்று தமக்கென விட்ட இடத்தில் நின்றுகொள்க. இல்லையேல் அடுத்த வீட்டாரை அழைத்துப் பொத்தானை மட்டும் அழுத்தச் செய்க.

5. பெயர் எழுதுதல்

படம் எடுத்ததும் பணி முடிந்ததென்று எண்ணற்க. குறுந்தொகையின் 40-ஆம் பாட்டைப் பாடிய புலவரின் இயற்பெயர் நமக்குக் கிட்டவில்லை. அப்பாட்டில் அவர் ஆண்ட உவமையைக் கொண்டே செம்புலப்பெயனீரார் என்று அவரை அழைக்கின்றோம். அவர் பெருங்கவிஞராதலின் பெயர் மறைந்தும் பாட்டால் வாழ்கின்றார். நம் குடும்பத்து அத்தைக்கும் பெரியப்பாவுக்கும் அத்தகைய பாட்டு ஏது? பழைய படப்பெட்டியைத் திறந்தால், "தொப்பி அணிந்தவர் யாரோ, வலக்கோடியில் நிற்பவள் யாரோ" என்று கூறும் நிலை பல இல்லங்களில் உள்ளது. முகம் தெளிவாக இருந்தும் ஆள் தொலைந்துவிடுகின்றார்.

ஆகவே அன்று மாலையே ஒரு தாளில் நாள், ஊர், வரிசை வாரியாக இடமிருந்து வலமாகப் பெயர், உறவுமுறை ஆகியவற்றை எழுதுக. படத்தைத் தாளில் அச்சிட்டு, அதன் பின்புறத்து ஓரத்தில் அழுத்தாமல் அவற்றைப் பென்சிலால் எழுதுக. கணிப்பொறியிற் சேமிக்கும் கோப்பிற்கும் நாளும் ஊரும் சேர்த்துப் பெயரிடுக. கைப்பேசி ஒன்றிலேயே வைத்திருத்தல் இடர். அது தொலையும்போது படமும் தொலையும். வேறு வேறு இடங்களில் இரண்டு படிகளேனும் இருத்தல் வேண்டும். கூடியிருந்த ஒவ்வொரு கிளைக்கும் ஓர் அச்சுப்படி அனுப்பிவிடின் காவலும் ஆயிற்று, அன்பும் ஆயிற்று.

மாணவ அன்பர்காள்! விலையுயர்ந்த காமிரா இல்லையே என்று வருந்தற்க. நல்ல நிழல் ஒன்று, நான்கு நாற்காலிகள், சிறிது பொறுமை ஆகிய இவை எவ்வில்லத்திலும் உள்ளன. இவ்விடுமுறையில் உம் வீட்டார் கூடும் நாளில், மாலை 4 மணிக்கு முன்னதாகவே கிழக்கு முற்றத்திற்குச் சென்று நிழல் எதுவரை வந்துள்ளதென்று பார்த்து வைக்க. அதன்பின் உள்ளே சென்று, அடுக்களையில் இருப்பவரை முதலில் அழைக்க.